முடிச்சுப் போடாத துணி

ஒரு சாண் நூல்தான் விட்டிருந்தாள். அது இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் அவளே தைத்து, அவளே கட்டிவிட்ட ஊதாத் துணியின் கீழ் ஓரத்திலிருந்து அந்த வெள்ளை நூல் இறங்கி, உரிந்த சுண்ணாம்பை ஒட்டியபடியே சுவரில் வழிந்து, பூட்டிய கதவின் வாசற்படி ஓரமாகச் சிமெண்டில் சின்னச் சுருளாகக் கிடந்தது. வாளியை உள்ளே எடுத்து வைக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பொழுது சாயும் நேரம். இருட்டினால் ஊரடங்கு என்பதால் தெருவில் கதவுகள் சாத்தப்படும் சத்தமும், தாழ்ப்பாள் இழுபடும் சத்தமும், யாரோ ஒரு தாய் பிள்ளையை அதட்டி உள்ளே கூப்பிடும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு அடங்கிக்கொண்டிருந்தன. தெருவின் இரண்டு பக்கமும், ஜன்னலுக்கு ஜன்னல், ஊதாத் துணிகள் காற்றில்லாமல் தொங்கின. எல்லாம் அவள் தைத்தவைதான்.

அளவு தப்பி நீளமாக விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து நூலைச் சுற்றி, துணியின் மடிப்புக்குள் செருகிவிட்டு வந்தாள். விரலில் ஈரம் ஒட்டியிருந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். ஒரு வீட்டில் யாராவது வெளியூர் போயிருக்கும்போது அந்த வீட்டுக்கு எதைத் தைத்தாலும், அது தலையணை உறையோ பாவாடையோ, கடைசி முடிச்சைப் போடமாட்டாள். ஒரு சாண் நூலை அப்படியே விட்டுவிடுவாள். போனவர் திரும்பி வந்த பிறகு, அவரையே நிறுத்தி வைத்து, கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லி முடிச்சுப் போட்டு நூலைக் கத்தரிப்பாள். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிற அவள் கணவன், வெளியூர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கத்துவான்: "தையல்காரி, பட்டம் வந்து இறங்கிடுச்சு. நூலை அறுத்துவிடு!" அவளும் சிரித்துக்கொண்டே ஊசியை எடுப்பாள். அவளுக்கு அது வெறும் வேடிக்கை அல்ல. ஒருவருக்காக மனதார நல்லது நினைத்தால் அது எப்படியாவது அவரிடம் போய்ச் சேரும் என்று நம்புகிற மனசு அவளுக்கு.

பக்கத்து வீட்டில் இருந்தது ரேடியோக்காரரும் அவர் மனைவியும். பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் ஆனால் அந்தச் சுவரில் கரண்டிக் காம்பால் தட்டும் சத்தம் கேட்கும். பிஸ்கட் டப்பா திறந்தாயிற்று என்று அர்த்தம். அவள் மகள் குட்டி, எழுதிக்கொண்டிருந்த பென்சிலைப் போட்டுவிட்டு, "அத்தை கூப்பிடறாங்க" என்று ஓடிவிடுவாள்.

ஊரைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட கமிட்டிக்காரர்கள், தங்கள் பக்கம் என்று காட்ட வீட்டுக்கு ஒரு ஊதாத் துணி கட்டச் சொன்னபோது தெருவே கட்டியது. எதிர்வீட்டு அம்மா ஒன்றுக்கு மூன்றாகக் கட்டினாள். ரேடியோக்காரர் மட்டும் கட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து யாருடைய ரேடியோவையோ பிரித்துப் போட்டபடி, "என் ஜன்னல் வெளிச்சம் வர்றதுக்கு வச்சதும்மா. துணியைக் கட்டிட்டா ஸ்க்ரூவை எங்கன்னு தேடுவேன்?" என்றார். அவர் மனைவி, "இவருக்கு வாய் நீளம் அக்கா, காதுல வாங்கிக்காதீங்க" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பிறகு ஒருநாள், குட்டியைக் கூட்டிக்கொண்டு அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது, பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. புதுப் பூட்டு.

"ஊருக்குப் போயிட்டாங்களாம்" என்றாள் எதிர்வீட்டு அம்மா, தன் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே.

"என்கிட்டகூடச் சொல்லாமலா?"

"அவசரமாம். எனக்கென்னம்மா தெரியும், நான் உள்ள குழம்பு கொதிக்குதேன்னு இருந்தேன்."

வாசற்படியில் ரேடியோக்காரர் மனைவியின் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது. போன மாதம் வார் அறுந்து, இவள்தான் இரண்டு கால் செருப்பையும் வெள்ளை நூலால் இறுக்கித் தைத்துக் கொடுத்திருந்தாள். என்ன அவசரமோ, ஒரு செருப்போடா பஸ் ஏறினாள் என்று நினைத்தபடி அதை எடுத்துத் தட்டி, கதவோரமாக நேராக வைத்தாள்.

மறுநாள் கமிட்டிக்காரர் வந்தார். மரியாதையான மனிதர். குட்டியின் கன்னத்தைத் தட்டினார்.

"என்ன தையல் அக்கா, இந்த வருஷம் உங்க மெஷினுக்குத்தான் யோகம்."

"பக்கத்துல ஊருக்குப் போயிருக்காங்கண்ணே. அவங்க வீட்டை மட்டும்…"

"நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம். ஆனா தெருவுலயே ஒரு ஜன்னல் மொட்டையா இருந்தா கண்ணுல படுமா இல்லையா? யாராவது கல்லு விட்டா, நெருப்பு வச்சா, நான் என்ன காவலா இருக்க முடியும்?" சிரித்தார். "நடுச்சுவர் ஒண்ணுதானே உங்களுக்கு?"

அன்று மதியமே மிச்சத் துணியில் ஒன்றை வெட்டினாள். அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்களுக்குப் பிடிக்காத நிறத்தை அவர்கள் ஜன்னலில் கட்டுகிறோமே என்று உறுத்தியது. வீடாவது மிஞ்சட்டும், வந்தால் தலைசாய்க்க இடம் வேண்டாமா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஓரம் மடித்துக் கையால் தைத்தாள். கடைசித் தையலில் நிறுத்தி, கண்ணை மூடி, "கடவுளே, எங்க இருந்தாலும் வீடு வந்து சேரட்டும். வழி தெரியலன்னா நீ காட்டு" என்றாள்.

முடிச்சுப் போடவில்லை. ஒரு சாண் நூல் விட்டாள்.

*

மறுநாள் பொழுது சாயும்போது நூல் வாசற்படியைத் தாண்டியிருந்தது.

அவள் செருகிவைத்த மடிப்பிலிருந்து தானே கழன்று, படி இறங்கி, சாக்கடை ஓரக் கல்லை ஒட்டியே கொஞ்ச தூரம் போய், கல்லிடுக்கில் மறைந்திருந்தது. வெள்ளையாக இல்லை. செம்மண் தண்ணீரில் ஊறியதுபோல் பழுத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை. கிணறு தோண்டுகிற இடத்தில் ஆழத்திலிருந்து வருமே, வெயிலே படாத மண், அந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்க அவள் மனம் இடம் கொடுக்கவில்லை.

நூல் துணியிலிருந்துதான் வருகிறதா என்று தையலைத் தடவிப் பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அப்படியானால் இத்தனை நூலும் எங்கிருந்து?

மெதுவாக இழுத்தாள்.

மறுமுனை இழுத்தது.

வெடுக்கென்று அல்ல. கூட்டத்தில் நிற்கும்போது பின்னால் நிற்கும் பிள்ளை முந்தானையை இழுக்குமே, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல, அதுபோல.

கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். குட்டி நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, எலி" என்றாள். மெஷின்முன் உட்கார்ந்து காலை மிதிபலகையில் வைத்தாள். தைக்கத் துணி இல்லாமல் வெறும் ஊசி ஏறி இறங்கியது. அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் கணவன் கட்டிலில் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான். ரேடியோக்காரர் வீடு பூட்டிக் கிடந்த அன்று சாயங்காலம் கமிட்டியிலிருந்து வண்டி வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். மில்லுக்குப் பின்னால் காலி இடத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதிலிருந்து அவன் பேசுவது குறைந்துவிட்டது. வேலைக்குப் போவதில்லை. நினைத்து நினைத்து எழுந்துபோய்க் குளித்தான். நகத்துக்குள் சிக்கிய மண்ணைக் குச்சியால் நோண்டினான். மண் எப்போதோ போய்விட்டது. இப்போது ரத்தம்தான் வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது" என்று அவள் நூலைப் பற்றிச் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"அவங்களுக்கு எதுக்கு நூல் விட்ட?"

"ஊருக்குப் போயிருக்காங்க, திரும்பி…"

"அதை அறுத்துடு."

"அவங்க வந்தப்புறம்…"

"வரமாட்டாங்க."

குரல் அவனுடையதாக இல்லை. குட்டியின் பென்சில் நின்றுவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

அவன் மெஷின் இழுப்பறையைத் திறந்து கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் குனிந்து, நூலை இடது கையில் எடுத்தான். கத்தரியை விரித்தான். அப்படியே இருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நூலை, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"சூடா இருக்கு" என்றான். "நாடி மாதிரி அடிக்குது."

*

அதற்கடுத்த நாள் முழுவதும் அவள் வெளியே போகவில்லை. பகலிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டாள். யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது. யாரிடம்? கமிட்டிக்காரரிடமா? கட்டிய துணியில் குறை சொன்னதாக ஆகிவிடும். எதிர்வீட்டு அம்மாவிடமா? அவள் ஜன்னலோரம் நின்று அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்ததை இவள் காலையில் கண்டாள். கண்கள் சந்தித்ததும் எதிர்வீட்டு அம்மா ஊதாத் துணியை முகத்துக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் வேண்டிக்கொள்ள உட்கார்ந்தாள். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. வீடு வந்து சேரட்டும் என்று ஏற்கனவே கேட்டாயிற்று. கேட்டதை மறந்துவிடு என்று எப்படிக் கேட்பது? அவர்கள் நல்லவர்கள். வரவேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல நாக்கு எழவில்லை. வெறுமனே கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்தது. மின்சாரம் போனது.

மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. நூல் துணிக்குள் புகுந்து வெளிவரும் சத்தம். சர்ர்ர். வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. ஆயுசு முழுக்க அதைக் கேட்டவளுக்குத் தெரியும். ஆனால் எந்தத் தையலிலும் நூல் ஓரிடத்தில் நிற்கும், இழுக்கும் கை நிற்கும். இது நிற்கவில்லை.

சர்ர்ர்ர்.

அதனோடு இன்னொன்று. ஈரமான எதையோ தரையில் இழுத்து வைக்கும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். செருப்புக் கால் ஒன்று. வெறும் கால் ஒன்று.

மண் வாசனை கதவிடுக்கில் நுழைந்து வீட்டை நிறைத்தது.

அவன் கட்டிலிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். "திறக்காத" என்றான்.

"யாரு அது?"

"திறக்காத. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. கீழ இறங்காத, மண்ணைத் தள்ளு, அவ்வளவுதான் உன் வேலைன்னாங்க. நான் ஒண்ணும் பார்க்கல. சத்தியமா பார்க்கல. ஓரத்துல ஒரு செருப்பு மட்டும் தெரிஞ்சுது." அவன் நகத்தை நோண்டினான். "வார்ல உன் தையல். வெள்ளை நூல். பின்னாடி ஒருத்தன் துப்பாக்கியோட நின்னான். வண்டியை நிறுத்தினா நானும் உள்ளதான். வீட்டுல நீ இருக்க, குட்டி இருக்கா. நான் தள்ளிட்டேன். தள்ளிட்டேன்மா."

அவளுக்கு அவனைத் திட்டவும் வரவில்லை, தொடவும் வரவில்லை.

அப்போது சுவர் தட்டப்பட்டது.

கரண்டிக் காம்பு அல்ல. மெத்தென்ற எதுவோ. ஆனால் அதே தட்டு. அதே தாளம்.

"அத்தை வந்துட்டாங்க!" என்றாள் குட்டி.

"குட்டி, வேண்டாம். இங்க வா."

சுவர் அமைதியானது. கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு வெளியே, மிக அருகில், வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல்.

"அக்கா. வந்துட்டோம் அக்கா. முடிச்சுப் போட்டு விடுங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் கதவைத் திறந்திருக்கமாட்டாள். களைப்பு மட்டும்தான் இருந்தது. நெடுந்தூரம் நடந்து வந்த களைப்பு. அவள் கை தானாக மெஷின்மேல் போய் ஊசியை எடுத்தது. வாசலுக்கு வந்தவரைக் காக்க வைத்துப் பழக்கமில்லாத கை. கணவன் வேண்டாம் வேண்டாம் என்று முனகிக்கொண்டே தரையில் சரிந்தான்.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ரேடியோக்காரர் மனைவி படியின் கீழே நின்றாள். ஒரு காலில் செருப்பு. கூந்தலெல்லாம் செம்மண். கண் இருக்க வேண்டிய இடத்திலும் மண். வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் நூலைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ரேடியோக்காரர், அதே நூலைப் பிடித்தபடி. நெற்றி இல்லை.

அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

அவளுக்குத் தெரியாத முகம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ஒரு கிழவர். குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி. இவர்களுக்கு யாரும் நூல் விடவில்லை. இவர்களுக்கும் இதுதான் வழி. தெரு நீளத்துக்கு, இரண்டு பக்கமும் தொங்கும் ஊதாத் துணிகளுக்கு நடுவில், ஒருவர் பின் ஒருவராக, ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேலிருந்து மண் உதிரும் சத்தம், லேசான தூறல்போல, தெரு முழுக்க.

ஜன்னல்களில் துணிகள் அசைந்தன. ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் ஒரு முகம். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னல்தான் கடைசி.

முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். கேட்பது அவ்வளவுதான். வீடு வந்தாயிற்று என்று ஒரு முடிச்சு. இந்தப் பாவப்பட்டவர்களுக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன மனுஷி? ஊசியைப் பிடித்தபடி படியில் குந்தினாள். கைக்கு வந்த நூலைத் தடவிக்கொண்டே நுனியைத் தேடினாள். நூல் ரேடியோக்காரர் மனைவியின் கைக்குள் போனது. அங்கிருந்து அவர் கைக்கு. அங்கிருந்து அந்தப் பெண்ணின் கைக்கு. அங்கிருந்து பின்னால். இன்னும் பின்னால்.

நுனி இல்லாமல் எப்படி முடிச்சுப் போடுவது?

"இருங்க" என்றாள். "இருங்கம்மா. நுனி வரட்டும்."

அவர்கள் இருந்தார்கள். பொறுமையாக.

முதுகுக்குப் பின்னால் சின்னக் காலடிச் சத்தம். குட்டி கதவின் மறுபாதியையும் அகலமாகத் திறந்தாள். வாசலுக்கு வந்தவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வாங்க அத்தை. எல்லாரும் உள்ள வாங்க."

ரேடியோக்காரர் மனைவி வெறும் காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். உள்ளே இருட்டில் குட்டியின் அப்பா அலறுவதற்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வாய்க்குள்ளிருந்து கொஞ்சம் செம்மண் உதிர்ந்தது.

தெரு முனையில், மில் பக்கத்து வளைவில், இன்னும் ஆட்கள் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். நூல் இன்னும் வந்துகொண்டே இருந்தது.